பால் என்று பேர்

ஆற்றைப் பார்த்தே அந்த வாரம் எந்த நிறத்துப் பனியன் கப்பல் ஏறப்போகிறது என்று சொல்லிவிடுகிற ஊர்க்காரி நான். நொய்யல் கரை. ஒரு நாள் கத்தரிப்பூ நிறம், மறுநாள் கறுப்பு, இன்னொரு நாள் ரத்தச் சிவப்பு. கிணற்றுத் தண்ணீர் உப்பாகி, தென்னை காய்ப்பை நிறுத்தி, மாடு தொட்டியில் வாய் வைக்க மறுத்த பிறகுதான் தோட்டத்தைப் போட்டுவிட்டுத் திருப்பூரில் மெஸ் வைத்தேன். அதனால் மலாக்காவுக்குப் போய் வந்தவள் கோட்டையைப் பற்றியும் கடற்கரையைப் பற்றியும் எழுதுவாள் என்று எதிர்பார்க்க வேண்டாம். நான் பார்த்தது ஓர் ஆற்றையும் ஒரு மனிதரின் காலையும்தான்.

அந்தக் காலுக்காகத்தான் போனேன். என் தங்கை செல்வி கல்யாணமாகி மலாக்காவை அடுத்த ரெம்பியாவில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் முனியாண்டி அங்கேயே ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் வருடா வருடம் கரகம் எடுப்பது அவர்தான். இந்த வருடம் செல்வி போனில் அழுதாள். "அக்கா, அவருக்குக் கால்ல புண்ணு. ஆற மாட்டேங்குது. இனிப்பு நீர் வேற இருக்கு. அதோட ஆத்துல எறங்கி கரகம் எடுப்பேன்னு நிக்கிறாரு. நான் சொன்னா கேக்கல. நீ வந்து ஏசுனா கேப்பாரு."

இனிப்பு நீர் என்று அவள் சொல்வது சர்க்கரை வியாதியை. என் வாய்க்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்தது அதுவே முதல்முறை. மெஸ்ஸைச் சமையல்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மலாக்கா பேருந்து நிலையத்துக்கு முனியாண்டியே வேனோடு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, காலில் பழைய துணி சுற்றி அதற்கு மேல் செருப்பு. "வாங்கக்கா, வாங்க. சாப்டீங்களா?" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். அவர் நடந்ததைப் பார்த்தேன். வலது காலை முழுதாக ஊன்றவில்லை. எடுத்த எடுப்பில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வேன் அவருடையது, வேலை கையுறைத் தொழிற்சாலைக்கு. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் மாட்டிக்கொள்கிற ரப்பர் கையுறை. நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்களை விடுதியிலிருந்து ஏற்றிப் போய் இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றி வருவார். சீட்டு, ஜன்னல், கூரை எல்லாவற்றிலும் புளித்த ரப்பர் வாடை. மூக்கைப் பொத்தினேன். "எங்களுக்கு இது பொறந்ததுலேருந்து பழக்கம் லா. கித்தா வாசம் இல்லன்னா தூக்கமே வராது," என்றார். கித்தா என்றால் ரப்பர்.

பாச்சாங் தாண்டுவதற்குள் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. மெக்கானிக் வரும்வரை எதிரிலிருந்த சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். தோசை எங்கள் ஊர்த் தோசையைவிட ஒரு சுற்றுப் பெரியது, சாம்பாரில் சர்க்கரை. சாம்பாரில் சர்க்கரை போடுகிறவனை எங்கள் மெஸ்ஸில் ஒரு நாள் வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் தேங்காய்ச் சட்டினிக்கு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

டீயில்தான் முதல் சண்டை. முனியாண்டி தனக்குக் கெட்டிப்பாலும் சீனியும் நிரம்பிய தே தாரேக் சொன்னார். "ஏனுங்க மாப்பிள்ளை, சர்க்கரையை வெச்சுக்கிட்டு இதைக் குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். சிரித்தார். கடைக்காரப் பையனைக் கூப்பிட்டு மாற்றிச் சொன்னார். எனக்கும் பாடம் எடுத்தார். "சூசுன்னா பாலு. பால் வேணாம்னா தே ஓ-ன்னு கேக்கணும். சீனியும் வேணாம்னா கோசோங். கத்துக்குங்க, நாளைக்கு நீங்களே ஆர்டர் பண்ணலாம்."

"சூசு," என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஆ, அதான். மாட்டுப் பாலும் சூசுதான், மரத்துப் பாலும் சூசுதான். தமிழ்லயும் அப்படித்தானே, ரெண்டும் பாலுதானே?"

தோட்டத்துக்காரர்களுக்கு ரப்பர் மரத்திலிருந்து வடிவது பால். சீவுகிற மரம் பால்மரம். நிறுத்துக் கொட்டுகிற இடம் பால் ஸ்டோர். அவருடைய அம்மா விடியுமுன் எழுந்து பால் எடுக்கப் போவாராம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ரெம்பியாவில் ஆற்றைப் பார்க்கும்வரை நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை குளிக்கப் போனால் குழாயில் காற்று வந்தது. செல்வி பெரிய பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். மேலே எங்கோ ஆற்றில் எதுவோ கலந்துவிட்டதாம், சுத்திகரிப்பு நிலையத்தை மூடியிருக்கிறார்களாம். அடுத்த வீட்டு மலாய்க்காரப் பெண்மணி வேலிக்கு அப்பாலிருந்து, "உங்கள் வீட்டிலும் இல்லையா? போன மாதமும் இப்படித்தான், ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டார். செல்வி சிரித்துத் தலையாட்டிவிட்டு அதை எனக்குத் தமிழில் சொன்னாள். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். எங்கள் ஊரில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிற பெண்கள் எல்லோரும் அப்படித்தான் சிரிப்பார்கள். பழகிப் போன அவமானத்துக்கு வேறெந்த முகத்தைக் காட்டுவது?

முனியாண்டி வேலைக்குப் போனதும் செல்வி விஷயத்தைச் சொன்னாள். போன திருவிழாவில் ஆற்றில் நின்றுவிட்டு வந்த பிறகுதான் காலில் அரிப்பு. அரிப்பு கொப்புளமாகி, கொப்புளம் உடைந்து, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் புண்ணாகிவிட்டது. கிளினிக்கில் மருந்து போட்டால் கொஞ்சம் மூடும், பிறகு திறக்கும்.

"டாக்டர் ஒரு வார்த்தை தெளிவா சொல்லிட்டாருக்கா. அழுக்குத் தண்ணி பட்டா காலையே எடுக்க வேண்டி வரும்னு. கால் போனா வேன் ஓட்ட முடியுமா? பிரேக்கு எதால மிதிப்பாரு?"

"அப்புறம் எதுக்கு அந்தாளு ஆத்துல எறங்கணும்?"

"அழுக்குத் தண்ணி இல்லையாம். பால் தண்ணியாம்."

எனக்குப் புரியவில்லை. அவளுக்கும் அதை விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிசி களையப் போனாள், தொட்டித் தண்ணீரில், ஒரு சொட்டு வீணாக்காமல்.

மூன்றாம் நாள் மஸ்ஜித் தானா சந்தைக்குப் போனோம், மீன் வாங்க. சாதாரண மீன் அல்ல, விரால் மீன். அங்கே ஹாருவான் என்கிறார்கள். அறுவை செய்துகொண்டவர்கள், பிள்ளை பெற்றவர்கள், புண் ஆறாதவர்கள் எல்லோருக்கும் அதைக் கொதிக்க வைத்து ரசம் போலக் கொடுக்கிறார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அதில் நம்பிக்கை. முனியாண்டி வேனில் வரும்போதே பெருமையடித்தார். "எங்க ஆத்துல கைய விட்டா ஹாருவான் மாட்டும்கா. நானே புடிச்சிருக்கேன். எங்கம்மாவுக்கு ஆப்பரேசன் பண்ணப்ப நான்தான் புடிச்சிக் குடுத்தேன்."

"இப்ப ஏன் பசாருக்கு வர்றோம்?" என்றேன்.

அவர் வேன் கண்ணாடியைத் துடைத்தார்.

மீன்காரர் ஒரு வயதான மலாய்க்காரர். செல்வி மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்ததும் அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். செல்வி எனக்குச் சொன்னாள்: "பயப்படாதே அம்மா, இது குளத்தில் வளர்த்தது, ஆற்று மீன் இல்லைங்கிறாரு." ஒரு காலத்தில் மீன்காரர்கள் ஆற்று மீன் என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். இப்போது ஆற்று மீன் இல்லை என்று சொல்லி விற்க வேண்டியிருக்கிறது. நொய்யல் பக்கமும் இதே கதைதான், மொழிதான் வேறு. அன்று சாயங்காலம் இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டு நானே அந்த மீனைக் கொதிக்க வைத்தேன். முனியாண்டி இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "அக்கா கை பட்டா புண்ணு ஓடிடும்," என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு சண்டை போடுவதுதான் எனக்குக் கஷ்டம்.

நான்காம் நாள் கோயிலுக்குக் கூட்டிப்போனார். தோட்டம் என்று பேர்தான். ரப்பர் மரம் ஒன்றில்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். ஜனங்கள் டவுனுக்குக் குடிபோய்விட்டார்கள். கோயில் மட்டும் நடுவில் நிற்கிறது. திருவிழாவுக்குக் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடாரத்தின் மேல் கையுறைத் தொழிற்சாலையின் பேர் கொட்டை எழுத்தில். அன்னதானக் கொட்டகையில் போத்தல் தண்ணீர்ப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அதுவும் அவர்கள் உபயம்தான். ஆற்றை எடுத்துக்கொண்டவன் போத்தலில் தண்ணீர் கொடுக்கிறான், அதற்கு நோட்டீசில் நன்றி வேறு.

கோயிலுக்குப் பின்னால் இறங்கினால் ஆறு. அகலம் கொஞ்சம்தான், இரண்டு பக்கமும் செம்பனை. மேலே வளைவுக்கு அப்பால் தொழிற்சாலையின் புகைபோக்கி தெரிந்தது. தண்ணீர் அன்று பழுப்பாக இருந்தது. ஆனால் கரை ஓரத்துப் புல்லிலும் வேரிலும் வெள்ளையாக ஒரு தோல் படிந்து காய்ந்திருந்தது. குச்சியால் நிமிண்டினேன், இழுத்தால் ரப்பராக நீண்டது. நாற்றம் மூக்கில் ஏறி மண்டைக்குள் உட்கார்ந்தது. கரையில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

"இதுவா பால் தண்ணி?" என்றேன்.

முனியாண்டி குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "பயப்படாதீங்கக்கா. சின்ன வயசுல பால் ஸ்டோர் கழுவி உடுற கால்வாயிலதான் நாங்க வெளையாடுவோம். ஒண்ணும் ஆனதில்ல. உளி பட்டு கை கிழிஞ்சா எங்கம்மா என்னா செய்வாங்க தெரியுமா? ஒரு சொட்டு பால் உடுவாங்க. தோல் மாதிரி மூடிக்கும். பால் புண்ணுக்கு மருந்துக்கா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனிதர் பொய் சொல்லவில்லை, பிடிவாதமும் இல்லை. அவருக்குத் தெரிந்த பால் வேறு. அது மரத்திலிருந்து வந்தது. இது எந்தெந்த மருந்தில் குளித்து, எதெதைக் கழுவிக்கொண்டு வருகிறதோ யார் கண்டார்கள்? நிறம் அதே, வாடை கிட்டத்தட்ட அதே, பேரும் அதே. பேர் மாறாததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"மாப்பிள்ளை, அந்தப் பால் வேற, இந்தப் பால் வேற. மீனெல்லாம் எங்க போச்சு? அதுக்கு மட்டும் பால் ஒத்துக்கலையா?" என்று கத்தினேன். கத்தலைக் கேட்டுக் கோயில் தலைவர் இறங்கி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன்.

"என்னாம்மா, ஊர்லேருந்து வந்து பயங்காட்டுறீங்க? பால் தண்ணி லா அது, கித்தா பாலு. நாங்க பாக்காததா?"

"எங்க ஊர் ஆத்துல சாயத் தண்ணிய நான் பாத்துட்டேனுங்க. வாங்க, கூட்டிட்டுப் போயிக் காட்டுறேன்."

"உங்க ஊரு சாயம். இது பாலு," என்றார் தலைவர். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்பது போலப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அன்று வீட்டில் பெரிய பஞ்சாயத்து. நானும் செல்வியும் ஒரு பக்கம், முனியாண்டி ஒற்றை ஆளாக ஒரு பக்கம். கடைசியில் என் வாய் ஜெயித்தது, அல்லது ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன். கரகம் எடுக்கலாம், குளியல் மட்டும் கரையில் நின்றபடி போத்தல் தண்ணீரில். புண் உள்ள காலில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு வருவார். ஆற்றில் இறங்க மாட்டார். குடத்துக்குள் விடுகிற ஆற்றுத் தண்ணீரை வேறு ஆள் மொண்டு தருவார். "அக்கா சொன்னதுக்காக," என்றார் முனியாண்டி. செல்வி அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

திருவிழா அன்று காலை கூட்டம் திமிலோகப்பட்டது. எங்கெங்கோ குடிபோனவர்களெல்லாம் காரில் வந்து இறங்கினார்கள். அன்னதானச் சமையலை எட்டிப் பார்த்தேன். ரசம் பிரமாதம், கூட்டில் உப்பு தூக்கல். ஆற்றங்கரையில் கரகம் ஜோடித்தார்கள், வேப்பிலையும் பூவுமாக. உருமி மேளம் உடம்பை உலுக்கியது. முனியாண்டி மஞ்சள் வேட்டியில் கரையில் நின்றார். செல்வி அவர் காலில் பையைக் கட்டி ரப்பர் வளையம் போட்டாள். நான் போத்தல் போத்தலாகத் திறந்து அவர் தலையில் ஊற்றினேன். தொழிற்சாலை கொடுத்த தண்ணீர்தான். அதிலாவது ஒரு உபயோகம் இருக்கட்டும் என்று அடித்து ஊற்றினேன்.

அப்போது மேலே வளைவிலிருந்து அது வந்தது. முதலில் நடு ஆற்றில் ஒரு வெள்ளைக் கோடு, பிறகு கரைக்குக் கரை வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை, எந்த அதிகாரியும் வரமாட்டான் என்று திறந்துவிட்டார்கள் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். எங்கள் ஊரிலும் மழை நாள், லீவு நாள் பார்த்துத்தான் திறப்பார்கள்.

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் வீறிட்டாள். "ஆத்தா பால் ஊத்துறா! பாருங்க, ஆத்தா பால் ஊத்துறா!"

அவ்வளவுதான். கரை முழுக்கக் கை கூப்பியது. குலவை எழுந்தது. தலைவர்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உருமி இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தது. நான் முனியாண்டியின் முகத்தைப் பார்த்தேன். அருள் வந்து மயங்கிய முகம் இல்லை அது. தெளிவாக இருந்தார். அதுதான் என்னை இன்றைக்கும் அறுக்கிறது. குனிந்து, ரப்பர் வளையத்தைக் கழற்றி, பையை உருவி, மடித்துச் செல்வியின் கையில் கொடுத்தார்.

"மாப்பிள்ளை, வேண்டாம்!"

"பாலுக்கா," என்றார், சிரித்துக்கொண்டே. "புண்ணு மூடிக்கும்."

முழங்கால் அளவு வெள்ளையில் இறங்கி நின்றார். நான் கத்தினேன், திட்டினேன், அம்மனையே ஏக வசனத்தில் பேசினேன். உருமிச் சத்தத்தில் ஒன்றும் எடுபடவில்லை. செல்வி அந்தப் பிளாஸ்டிக் பையை மார்போடு பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவர் மேலேறி வந்தபோது கால் இரண்டிலும் வெள்ளைத் தோல் படிந்திருந்தது. பார்த்தவர்கள் அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து ஊர் திரும்பினேன். கிளம்பும்போது அவருக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. என்னை வேனில் கொண்டுபோய் விட அவர் வரவில்லை. அலைச்சல் என்றார்கள். மெஸ்ஸைத் திறந்து, இட்லிப் பானையை ஏற்றி, வழக்கம்போலச் சமையல்காரரோடு சண்டை போட ஆரம்பித்த சமயத்தில் செல்வி கூப்பிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பாதத்தோடு எடுத்துவிடலாம் என்று பார்த்தார்களாம், முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேனை விற்க ஆள் தேடுகிறார்கள்.

  அவளே மேலே சொன்னாள்.

"டாக்டரம்மா என்னா பட்டுச்சு கால்லன்னு கேட்டாங்கக்கா. இவரு சூசுன்னாரு."

"அப்புறம்?"

"நல்லா ஏசிட்டாங்க. உங்க கோயில்ல பால் ஊத்துவீங்கன்னு தெரியும், புண்ணு மேலயா ஊத்துவீங்கன்னு."

"நீ வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே? ஆறுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்கா. சுங்கை, ஆத்துல பட்டதுன்னு சொன்னேன். ஆத்துலயா கொண்டு போயி பால் ஊத்துனீங்க, உங்களாலதான் ஆறெல்லாம் கெட்டுப்போகுதுன்னு அதுக்கும் சேர்த்து ஏசுனாங்க."

அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. சமையல்காரர் ஓடிவந்து அணைத்தார். எங்கள் ஊர் ஆற்றில் வந்ததற்கு நாங்கள் சாயத் தண்ணி என்று பேர் வைத்தோம். சாயம் என்று சொன்னாலே சாயப்பட்டறைக்காரன் முகம் கண்ணில் வந்தது. மறியல் செய்தோம், வழக்குப் போட்டோம், ஏதோ கொஞ்சம் கிடைத்தது. பால் மேல் யார் வழக்குப் போடுவார்கள்?